மந்திரி தின்ற வேர்

எவாரிஸ்த் தையமார் மூன்று முறை பிரான்ஸின் வேளாண் மந்திரியாக இருந்தார். மூன்று முறையும் அவர் மேசைக்குத் தலைமைக் குமாஸ்தா நான்தான். ஆகவே அந்த மனிதரைப் பற்றிப் பொய் சொல்ல என்னைவிடத் தகுதியானவன் இந்தக் குடியரசில் கிடையாது. வருத்தம் என்னவென்றால், அவர் விஷயத்தில் பொய்க்கு வேலையே வைக்கவில்லை. உள்ளதைச் சொன்னாலே கேட்கிறவர்கள் என்னைப் புளுகன் என்கிறார்கள்.

அவர் வக்கீல். வக்கீலாக அவர் ஜெயித்த ஒரே வழக்கு, எதிர்த்தரப்பு வக்கீல் வழியில் வண்டி குடைசாய்ந்து வர முடியாமல் போன வழக்கு. அந்தப் புகழோடு தேர்தலில் நின்றார். அவருடைய தொகுதியில் பெரிய வேட்பாளர்கள் இருவர். ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருடைய ஆட்களும், "அவன் வரக்கூடாது, அதுக்கு இந்த வழுவட்டை வந்துட்டுப் போகட்டும்" என்று தையமாருக்கு ஓட்டுக் குத்திவிட்டார்கள். பாராளுமன்றத்துக்கு வந்த பிறகும் இதே கதைதான். மந்திரிசபை அமைக்கிறவர்கள் மற்ற நாற்காலிகளுக்கெல்லாம் அடித்துக்கொண்டு, கடைசியில் வேளாண்மை மிஞ்சும்போது, "யாருக்கும் எதிரி இல்லாத ஆள் யாரு?" என்று கேட்பார்கள். சுவரோரம் தூங்கிக்கொண்டிருக்கும் தையமாரை நாலு பேர் சேர்ந்து எழுப்புவார்கள்.

பயிர் பச்சை பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று கேட்கிறீர்களா? பச்சை தெரியும். ஒருநாள் ரயிலில் போகும்போது ஓட்ஸ் வயலைப் பார்த்து, "இந்த வருஷம் கோதுமை நல்லா வந்திருக்கு" என்றார். ஓட்ஸ் என்று சொன்னேன். "அப்படியா, கோதுமை ஆக எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார்.

அவர் மேசையில் மூன்று இழுப்பறைகள். மேலறையில் சுருட்டு. நடுவறையில் நாடகக் கொட்டகைச் சீட்டு. கீழறையில் பிரான்ஸ் நாட்டு விவசாயம். வருகிற மனு எதுவானாலும் இரண்டு விரலால் பிடித்து, "யோசிப்போம்" என்று கீழறையில் போடுவார். முதல் முறை நாற்பத்தொரு நாள் மந்திரியாக இருந்தார். அறை பாதிதான் நிரம்பியது. இரண்டாம் முறை ஒன்றரை வருஷம். அந்த அறையைத் திறக்க நான் மேசைக்காலில் ஒரு பாதத்தை ஊன்றிக்கொண்டு இழுக்க வேண்டியிருந்தது.

அந்த அறையின் அடியில்தான் என் அக்கா ஸெலியின் உயிர் கிடந்தது.

எங்கள் ஊர் பர்கண்டியில் சேன்-ஓர்பேன். அக்காவுக்குப் புருஷன் விட்டுப்போனது இரண்டு ஏக்கர் திராட்சைத் தோட்டம், அவ்வளவுதான். அந்த ஆயிரத்து எண்ணூற்று எண்பதுகளில் எங்கும் வேர்ப்பேன் என்ற பூச்சி பரவிக்கொண்டிருந்தது. மேலே கொடி மூன்று வருஷம் மஞ்சளித்துச் சோர்ந்து நிற்கும். தோண்டிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக அழுகிக் கிடக்கும். அதற்கு ஒரே வழி, அந்தப் பேனுக்கு மசியாத அமெரிக்க வேரை நட்டு, அதன் தலையில் நம் கொடியை ஒட்டுக் கட்டுவது. ஆனால் சட்டம் என்ன சொன்னது? அமெரிக்கக் கன்றோடு பேனும் வந்துவிடுமாம். ஆகவே நோய் கண்ட வட்டாரம் என்று மந்திரி கையெழுத்துப் போட்டு அறிவித்த இடத்தில் மட்டுமே அதை நடலாம். பேன் கையெழுத்துக்குக் காத்திருக்கவில்லை. எங்கள் வட்டாரத்தில் பாதித் தோட்டம் செத்துவிட்டது; காகிதத்தில் மட்டும் ஆரோக்கியமாக இருந்தது.

காரணம் க்ளோவிஸ் பெர்ராதோன். எங்கள் பக்கத்து ஒயின் வியாபாரிகளின் தலைவன். 'நோய் கண்ட வட்டாரம்' என்று பெயர் விழுந்தால் லண்டன்காரன் நம் பீப்பாயைத் தொடமாட்டான் என்பது அவன் கவலை. மாதம் ஒரு முறை பாரீஸுக்கு வந்து தையமாரோடு சாப்பிடுவான். தையமார் அவனிடம், "உயிர் உள்ளவரை கையெழுத்துப் போடமாட்டேன்" என்பார். தோட்டக்காரர்கள் வந்தால், "அடுத்த வாரம் கட்டாயம் போடுகிறேன்" என்பார். இரண்டு பேரையும் ஒரே நாளில் ஒரே சோபாவில் உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார்; நடுவில் கொஞ்ச நேரம் ஒருவரை ஜன்னல் வழியே வெளியே பார்க்கச் சொன்னார்.

அந்த அக்டோபரில் எங்கள் ஊர் வேளாண் விழாவுக்குத் தலைமை தாங்க அவரே வந்தார். மாட்டுக்குப் பரிசு கொடுத்தார். மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கும் கை கொடுத்தார். மாட்டுக்கு என்ன வாழ்த்துச் சொல்வது என்று என்னைக் கேட்டார். பிறகு கூடாரத்தில் விருந்து. நூற்றிருபது பேர், கன்றுத் தலைக் கறி, ஐந்து மேயர்கள், ஒன்பது சொற்பொழிவுகள். மந்திரி எழுந்து, "இந்த ஆரோக்கியமான திராட்சை மண்ணிலே..." என்று ஆரம்பித்ததும் பெர்ராதோன் எழுந்து நின்று கை தட்டினான்.

அப்போதுதான் அக்கா உள்ளே வந்தாள். முழங்கைவரை மண். நேராக மந்திரியின் தட்டருகே போய், அன்று காலை தோண்டிய ஒரு கொடியின் வேரை வைத்தாள். கறுப்பாக, விரல் தடிமனில், முடிச்சு முடிச்சாக. உற்றுப் பார்த்தால் பேன்கள் மஞ்சள் தூள்போல அப்பியிருந்தன.

"மந்திரி முசியே, பேசினது போதும். எங்க மண்ணுல விளையுறதை நல்லாப் பாருங்க" என்றாள்.

எங்கள் நாட்டில் சல்ஸிஃபி என்று ஒரு கிழங்கு உண்டு. வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளை, குச்சிபோல நீளமாக இருக்கும்; வேகவைத்து வெண்ணெயில் புரட்டித் தருவார்கள். அக்டோபர்தான் அதற்குக் காலம். தையமார் வேரைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. கிராமத்துப் பெண்மணி ஒருத்தி ஊர்ப் பண்டம் கொண்டுவந்தால் மந்திரி என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். கத்தியால் ஒரு துண்டு நறுக்கினார். குழம்பில் தோய்த்தார். வாயில் போட்டு மென்றார்.

ஆரம்பப்பள்ளி ஆசிரியர் மேசைக்கு அடியில் குனிந்து சிரித்ததில் காலருக்குள் கழுத்து மாட்டிக்கொண்டது என்று சொல்வார்கள். நான் பார்த்தது, மேயர் ஒருவர் தன் நாப்கினைக் கடித்துத் தின்றதை.

"அருமை!" என்றார் மந்திரி. "இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம். ஆனா மணம் இருக்கு பாருங்க, அது நம்ம மண்ணு மணம்!"

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டா தெயோதூல், உங்க மந்திரிக்குத் தோளுக்கு மேல ஏதாவது இருக்கா, இல்ல தொப்பிய அப்படியே காலர் மேல வச்சு விட்டிருக்கீங்களா?"

"அக்கா, கொஞ்சம் மெதுவா..."

"மெதுவாவா? நம்ம சித்தி மவன் மோன்பெல்லியேல நாலாயிரம் கன்னு ஈர மணல்ல பொதைச்சு வச்சிருக்கான். மார்ச்சு முடியிறதுக்குள்ள நடலைன்னா அம்புட்டும் துளிர்த்துக் கருகிப்போகும். அப்புறம் நான் தீஜோன்ல கொழுந்தன் வீட்டுக்குப் பாத்திரம் கழுவப் போக வேண்டியதுதான். அவன் பொண்டாட்டி இப்பவே எனக்கு ஏப்ரன் தைச்சு வச்சுட்டாளாம், தெரியுமா?"

தையமார் இதற்குள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "மதாம், மார்ச்சுக்கு முன்னாடி ஆணை உங்க கையில இருக்கும். சத்தியம்!" அடுத்த கை மேசைக்கு அடியில் பெர்ராதோனின் கையை அழுத்திக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் கண்ணால் பார்த்தேன்.

பாரீஸ் திரும்பியதும் ஆணையை நானே அழகாக எழுதி அவர் முன் வைத்தேன். "யோசிப்போம்" என்றார். கீழறை. நவம்பரில் எடுத்து வைத்தேன், கீழறை. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டைகளுக்கு நடுவில் வைத்தேன். அட்டைகளில் மட்டும் கையெழுத்துப் போட்டார். பிப்ரவரி போனது. மார்ச் பத்தாம் தேதி அக்கா கூடையோடு பாரீஸுக்கே வந்துவிட்டாள். மந்திரியின் வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து காலுறை பின்ன ஆரம்பித்தாள். இரண்டு நாளில் மூன்று ஜோடி முடிந்தது. மந்திரி பின்பக்கப் படிக்கட்டு வழியாக வர ஆரம்பித்தார்.

மூன்றாம் நாள் மந்திரிசபை கவிழ்ந்தது. ராணுவக் குதிரைகளுக்கு எந்த ஊர் வைக்கோல் வாங்குவது என்ற விவாதத்தில்தான் கவிழ்ந்தது. வைக்கோல் வேளாண் மந்திரியின் பொறுப்பு. அவரைப் பதில் சொல்லக் கூப்பிட்டபோது குறட்டைதான் பதிலாக வந்தது.

கவிழ்ந்த மந்திரி கடைசி நாளில் என்ன செய்வார் என்பது எங்கள் இலாகாவில் பியூன் வரைக்கும் தெரியும். அதை நாங்கள் 'உயில்' என்போம். அடுத்தவன் வந்து உட்காருவதற்குள், வேண்டியவர்களுக்கெல்லாம் வேளாண் பதக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது. பச்சை நாடா கட்டிய பதக்கம். மக்கள் அதை 'லீக்கு' என்று, வெங்காயத்தாள் போன்ற ஒரு காய்கறியின் பெயரிலேயே கேலி செய்வார்கள். ஒன்றரை வருஷம் பேனாவைக் கண்டால் பேயைக் கண்டதுபோல ஓடிய மனிதர், அன்று காலை எட்டு மணிக்கே சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்துவிட்டார். நானூற்றுப் பன்னிரண்டு பதக்கம்.

"இது யாரு?"

"உங்க முடிவெட்டுக்காரர், மந்திரி முசியே."

"வேளாண்மைக்கு என்ன செஞ்சார்?"

"உங்க தலையில விளைஞ்சதை அறுத்தார்."

"நல்லது. அறுவடைக் கருவிகளுக்காகன்னு எழுதிக்குங்க." கையெழுத்து. "இது?"

"உங்க பல் வைத்தியர்."

"வேரோட பிடுங்குறவர்! களையெடுப்புக்குன்னு போடுங்க." அவருக்கே சிரிப்பு. அன்று அவர் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார். நாட்டுக்கு உபயோகமில்லாத எதிலும் அவர் கை நடுங்கியதில்லை.

நானூறாவது பதக்கத்துக்குப் பிறகு அந்த ஆணையை எடுத்து வைத்தேன். ஒளித்து வைக்கவில்லை, தனியாக, விரித்து, அவர் மூக்குக்கு நேராக. பேனாவைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"இது சேன்-ஓர்பேன் ஆணையாச்சே! இது கீழறையில இருக்க வேண்டியது."

"போட்டுடலாம், ஐயா. ஒண்ணே ஒண்ணு யோசிச்சேன். நாளைக்கு இந்த நாற்காலியில வேற ஒருத்தர் உக்காரப் போறார். லவாஸெர்தான்னு பேச்சு."

லவாஸெர் பெயரைக் கேட்டதும் அவர் உதடு கோணியது. பாராளுமன்றத்தில் பக்கத்து இருக்கைக்காரர். குறட்டை விட்டால் முழங்கையால் இடிக்கிறவர்.

"வரட்டுமே. அதுக்கென்ன?"

"ஆணை அரசிதழ்ல வர ரெண்டு மூணு நாள் ஆகும். வந்த அன்னைக்கே பெர்ராதோன் ஆளுங்களோட வந்து கதவை உடைப்பான். உள்ள யாரு உக்காந்திருப்பாங்க?"

தையமார் மேற்கூரையைப் பார்த்தார். அவர் மூளைக்குள் ஏதோ உருள்வது எனக்கே கேட்டது; எண்ணெய் போடாத கிணற்று ராட்டினம் மாதிரி. பிறகு புன்னகை வந்தது. அப்படி ஒரு கேவலமான புன்னகையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"லவாஸெர் தலையில ஓடு விழுந்த மாதிரி இருக்கும்ல?"

"ஓடா? கூரையே விழும், ஐயா."

கையெழுத்துப் போட்டார். கீழே இரண்டு கோடு வேறு இழுத்தார். மற்ற நானூற்றுப் பன்னிரண்டுக்கும் ஒரு கோடுதான்.

வாசலில் அக்கா நாலாவது ஜோடியில் இருந்தாள்.

"போட்டாரா?"

"போட்டுட்டார்."

"படிச்சுப் பார்த்தாரா?"

"படிச்சார். என்னன்னு தெரிஞ்சுதான் போட்டார்."

"அப்ப நல்ல எண்ணம்னு ஒண்ணு எங்கயோ மூலையில இருந்திருக்கு."

"இல்லக்கா. எந்த மூலையிலயும் இல்ல."

ஆணையை நானே அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். அக்கா அன்றே மோன்பெல்லியேவுக்குத் தந்தி அடித்தாள். கன்றுகளை ரயிலேற்றத் தயாராக வை, ஆணை அச்சானதும் அனுப்பு என்று.

இப்போது எங்கள் நாட்டு அரசியலைப் பற்றி ஒரு வார்த்தை. மந்திரிசபை கவிழ்ந்தால் பழைய முகங்களை வேறு வரிசையில் உட்கார வைத்துப் புதிய மந்திரிசபை என்பார்கள். லவாஸெர் வேளாண்மை வேண்டாம் என்றார். தபால்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார். மூன்றாம் நாள் காலை பட்டியல் வந்தது. வேளாண்மை: எவாரிஸ்த் தையமார். அதே நாள், அதே காலை, அரசிதழில் ஆறாம் பக்கத்தில் அவருடைய ஆணையும் வந்தது.

ஒன்பது மணிக்கு ஓடிவந்தார். தொப்பியைக்கூடக் கழற்றாமல் கீழறையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. என்னையும் சேர்ந்து இழுக்கச் சொன்னார்.

"அந்தக் காகிதம் எங்க? எங்க அது?"

"நாடு முழுக்க இருக்கு, ஐயா. எண்பதாயிரம் பிரதி."

"ஐயோ, எந்த முட்டாள் அதுல கையெழுத்துப் போட்டான்?"

பதில் எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது.

"ரத்து ஆணை எழுதுங்க. உடனே!"

எழுதினேன். எப்படி எழுதினேன் என்கிறீர்கள்! ஒரு வரிக்கு ஒரு பேனா முள் உடைந்தது. மை இறுகிவிட்டது. 'சேன்' என்பதற்கும் 'ஓர்பேன்' என்பதற்கும் நடுவில் ஜன்னல் கண்ணாடி துடைத்தேன். ஆனாலும் ரத்து ஆணை நாலு வரிதான். எத்தனை நேரம் இழுக்க முடியும்? கடைசி வரி முடிந்தபோது படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது. பெர்ராதோனும் ஆறு வியாபாரிகளும். அவர்களுக்குப் பின்னால், புதிய மந்திரிசபையின் முதல் நாள் என்று வந்த பத்திரிகைக்காரர்கள். தையமார் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். சுவரில் விதை மாதிரிகள் வைக்கிற பெரிய அலமாரி. பிரான்ஸின் வேளாண் மந்திரி அதற்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். மேல்தட்டு சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. அந்தத் தட்டில் இருந்தது ஓட்ஸ்.

பெர்ராதோன் மேசையைக் குத்தினான். "எங்க அந்தத் துரோகி? கன்னுத் தலைக் கறி வாங்கிக் குடுத்தேனே, சாம்பேன் வாங்கிக் குடுத்தேனே!" அவன் கண் ரத்து ஆணையில் விழுந்தது. முகம் மாறியது. "ஓ. இன்னும் கையெழுத்து ஆகலையா? ஆள் எங்க? பேனாவ நான் புடிச்சு விடுறேன்."

அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஊருக்குக் கிளம்புமுன் எனக்குப் பன்றிக்கறி சாஸேஜ் கொடுத்துவிட்டுப் போக வந்தவள். அவளும் மேசையைப் பார்த்தாள். 'ரத்து' என்ற வார்த்தை என் அழகான எழுத்தில் பெரிதாக இருந்தது. என்னைப் பார்த்தாள். நான் அலமாரியைப் பார்த்தேன். உள்ளேயிருந்து ஒரு தும்மல் வந்தது.

அவள் நேரே போய்க் கதவைத் திறந்தாள்.

மீசை முழுக்க ஓட்ஸோடு மந்திரி நின்றார். பத்திரிகைக்காரர்கள் பென்சிலை எடுத்தார்கள். அக்கா கூடையைக் கீழே போட்டு, இரண்டு கையாலும் அவர் தலையைப் பிடித்து, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும்.

"எங்களக் காப்பாத்தின மவராசன்! முசியே, எல்லாரும் எழுதிக்குங்க. சேன்-ஓர்பேன் வட்டாரத்துல பதினோராயிரம் தோட்டக்காரங்க இனிமே இவர் பேரச் சொல்லித்தான் மொதக் கோப்பை குடிப்பாங்க!"

தையமார் பதறி விலகப் பார்த்தவர், அப்படியே நின்றார்.

"எத்தனை பேர்?"

"பதினோராயிரம்."

அவர் பெர்ராதோன் பக்கம் திரும்பினார். உதடு அசைந்தது. எண்ணினார். ஏழு பேர். வாழ்க்கையில் அவருக்குத் தெரிந்த ஒரே கணக்கு இதுதான். இதில் மட்டும் அவர் தப்பே செய்ததில்லை.

"மதாம்," என்றார் தணிந்த குரலில், "எல்லாருக்கும் ஓட்டு உண்டா?"

"ஆம்பளைங்களுக்கு உண்டு. எங்களுக்கு இல்ல. ஆனா அவங்க யாருக்குப் போடணும்னு சொல்றது நாங்கதான்."

மந்திரி மேசைக்கு வந்தார். ரத்து ஆணையை எடுத்தார். பெர்ராதோன் பேனாவை நீட்டினான். தையமார் அந்தக் காகிதத்தை நாலாக மடித்து மீசையிலிருந்த ஓட்ஸைத் துடைத்துவிட்டு, குப்பைக்கூடையில் போட்டார்.

"கனவான்களே! ஒன்றரை வருஷம் நான் உறங்கவில்லை. செத்துக்கொண்டிருந்த ஒவ்வொரு கொடியும் என் நெஞ்சில் வேர்விட்டு அழுதது. வியாபாரிகள் என்னை மிரட்டினார்கள். நான் வளையவில்லை!"

"நேத்துக்கூட என்னோட சாப்பிட்டீங்களேய்யா!" என்று கத்தினான் பெர்ராதோன்.

"மிரட்டலுக்கு நடுவிலும் சாப்பிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் மந்திரி. எழுதிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் போகாத உயரமில்லை. மேலவைக்குப் போனார், குழந்தைகள் படிக்கிற பள்ளிப் புத்தகத்தில் படமாக வந்தார், இரண்டு ஊரில் தெருவாக ஆனார். எந்தத் தெருவும் அவரைப்போல அவ்வளவு அசையாமல் கிடந்திருக்காது. கன்றுகள் மார்ச் இருபத்தாறாம் தேதி வந்து சேர்ந்தன. நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் அக்காவோடு முதுகொடிய நட்டேன். தீஜோனில் தைத்து வைத்திருந்த ஏப்ரனைக் கொழுந்தன் பெண்டாட்டி கடைசியில் தானே கட்டிக்கொண்டாள்.

ஐந்தாம் வருஷம், முதல் நல்ல அறுவடை முடிந்து, ஊர் அவருக்கு விருந்து வைத்தது. வட்டாரத்தைக் காத்தவர் அல்லவா! அதே கூடாரம். பெர்ராதோன்கூட வந்து கை தட்டினான்; அவனுக்கும் விற்க ஒயின் இருந்தது. அக்காதான் சமையல். அவரைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், ஒட்டுக் கட்டிய இடத்தைக் காட்டினோம். குனிந்து பார்த்து, "இந்த முடிச்சு என்ன, நோயா? வெட்டிடுங்களேன்" என்றார். அக்கா கொடிக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். விருந்து முடிகிறவரை அவரைத் தோட்டப் பக்கம் விடவில்லை.

அன்று அவள் நிஜமான சல்ஸிஃபியை வேகவைத்து, வெண்ணெயில் புரட்டி, பூண்டும், கொத்தமல்லி போன்ற பார்ஸ்லித் தழையும் தூவி, தன் கையாலேயே அவர் தட்டில் பரிமாறினாள். பக்கத்தில் தன் தோட்டத்துப் புது ஒயின். கூடாரம் முழுவதும் கத்தியும் கரண்டியும் ஓய்ந்து அவர் வாயையே பார்த்தது.

தையமார் ஒரு துண்டை எடுத்து நிதானமாக மென்றார். கண்ணை மூடினார்.

"நல்லா இருக்கு, மதாம்," என்றார் பெருந்தன்மையோடு. "ஆனா அந்த வருஷம் குடுத்தீங்களே, அதுல இருந்த ருசி இதுல இல்ல."